இரண்டு இன்ச் குறைத்துத் தைக்கச் சொன்ன மகனுக்கு

பிரபு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் மேல் கோபமாக இருக்கிறேன். என் மேல் அதைவிட அதிகமான கோபம். புதன்கிழமை போனில் பேசிப் பார்த்தோம், நாலு நிமிஷத்தில் சண்டையாகிவிட்டது. நான் குரலை உயர்த்தினேன், நீ "மீட்டிங் கீதுப்பா" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. இதில் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். குழந்தைக்காக அதில் பெயர்களை மாற்றிவிட்டேன். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். என் கடைக்கு வரும் அப்பா அம்மாக்களில் பாதிப்பேர் நம்மைப் போல்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதைச் சரியாகப் பார்க்கவில்லை. உன் மச்சான், கவிதாவின் தம்பி, கல்யாணத்துக்கு என் பேத்தி யாழினிக்குப் பாவாடை சட்டை தைக்க தி.நகரில் பட்டு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கடைக்கு வந்தீர்கள். மாம்பழ நிறம், பச்சை பார்டர். நல்ல துணி. குழந்தை அதைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். நான் டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றினேன். சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷமாக மந்தைவெளியில் ஜாக்கெட் தைக்கிறேன். நாற்பது வயசுப் பெண்கள் மூச்சைப் பிடிப்பார்கள், எனக்குப் பழக்கம். பத்து வயசில் ஒரு குழந்தைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? "மூச்ச வுடும்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது நீ சொன்னாய்: "வுடாத யாழினி, அப்டியே நில்லு. அப்பா, இப்ப எடுக்கற அளவுல ரெண்டு இன்ச் கம்மி பண்ணித் தச்சிடு. இன்னும் ஆறு வாரம் கீது. அதுக்குள்ள இதுல அவ நுழைஞ்சாகணும். ஒரு டார்கெட் இருந்தாத்தான் ஒழுங்கா வரும்." கவிதா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஷினில் இருந்த செல்வம் கூட மிதிப்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிப்பா" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இடுப்பு, பக்கத்தில் கழித்தல் இரண்டு.

ஏன் சரி என்றேன்? அந்த யோசனை என்னுடையது. நீ அதை எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னிடமிருந்துதான் எடுத்தாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஜூன் மாசம் பள்ளி திறப்பதற்கு முன்னால் என் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். யூனிஃபார்ம் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கும். துணி கொடுக்கும் ஒவ்வொரு அம்மாவும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள்: "வளர்ற புள்ள, கொஞ்சம் தாராளமா தைங்க." நாங்களும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்போம், அடுத்த வருஷம் பிரித்து விட. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் தைத்தேன். உன் அக்கா சங்கீதாவுக்கும் அப்படித்தான். உனக்கு மட்டும் தைக்கவில்லை. நாலாம் வகுப்பிலிருந்து உன் கால்சட்டையை உன் அளவுக்கு ஒரு இன்ச் குறைத்து, உள்ளே ஒரு நூல் துணி கூட விடாமல், பிரிக்கவே முடியாதபடி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். "இறுக்கமா இருந்தாத்தான் தின்றதுக்கு முன்னாடி யோசிப்பான்" என்று கடைக்கு வந்தவர்களிடம் பெருமையாகவும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நீ பட்டன் காஜா போட்ட சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாய்.

ஏழாம் வகுப்பில் அது கிழிந்தது. காலை அசெம்பிளியில் கீழே உட்காரச் சொன்னபோது பின்பக்கம் மொத்தமாகப் பிரிந்துவிட்டது. நாள் முழுக்க ஒரு தடவை கூட பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமல் இருந்தாய், ஒன்றுக்குப் போகக்கூட. சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி வரை புத்தகப் பையைப் பின்னால் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு நடந்து வந்தாய். கடையில் மூன்று வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். திரும்பி நின்று காட்டச் சொன்னேன். காட்டினாய். "நல்லா ஆச்சு. இனிமேலாவது புத்தி வரும்" என்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ துணியைத் தப்பாக வெட்டியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் வேறு துணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தி வந்ததா? வந்தது. ஒளித்துத் தின்ன வந்தது. கட்டிங் டேபிளுக்கு அடியில் துண்டுத் துணி போடும் கோணியில் பிஸ்கட் பாக்கெட் கிடந்தது. அதை எடுத்து எல்லார் எதிரிலும் உதறினேன். அன்றைக்கும் உனக்குப் பசிக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

இப்போது இதைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கவிதாவும் காய் வாங்க மார்க்கெட் பக்கம் போனீர்களே, அந்தப் பத்து நிமிஷம் யாழினி என்னோடு இருந்தாள். செல்வம் டீயோடு முறுக்குப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தான். அதைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு என் காதுகிட்ட வந்து, "தாத்தா, ஒரே ஒண்ணு எடுத்துக்கட்டா? அப்பாகிட்ட சொல்லுவியா?" என்றாள். "சொல்ல மாட்டேன், தின்னும்மா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சத்தம் வராமல் வாயிலேயே ஊறவைத்துத் தின்றாள், பிரபு. முறுக்கைச் சத்தமில்லாமல் தின்ன ஒரு குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது. கையைத் துடைத்துவிட்டுப் பாவாடைத் துணியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நம் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பார். நாலு தட்டு, ஒரே குழம்பு. சங்கீதா ஆறு இட்லி தின்றுவிட்டு ஏழாவது கேட்பாள். "வயசுப் பொண்ணு, போடு" என்பேன். நீ நாலாவதுக்குக் கை நீட்டினால் என் கண் உன் கையிலேயே இருக்கும். அவள் குச்சி மாதிரி இருந்தாள், நீ குண்டாக இருந்தாய். என் கண்ணெதிரில், என் வீட்டுத் தட்டில், தினமும் மூன்று வேளை நடந்ததை நான் நம்பவில்லை. நீ வெளியே எங்கேயோ தின்றுவிட்டு வருகிறாய் என்று முடிவு கட்டினேன். ஏன் தெரியுமா? நான் ஒல்லி. கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் அறுபத்தாறு வயசில் எனக்கு இன்னும் பத்தும். அது என் கட்டுப்பாடு, என் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் திமிராகத் திரிந்தேன். என்ன கட்டுப்பாடு? தினமும் மத்தியானம் இரண்டு தட்டுச் சோறும், நாலு மணிக்கு இரண்டு பஜ்ஜியும் தின்கிறவன் நான். என் அப்பாவும் அப்படித் தின்று இப்படித்தான் இருந்தார். அவர் கொடுத்த உடம்பைப் போட்டுக்கொண்டு, உன் அம்மா கொடுத்த உடம்போடு வந்த உன்னைப் பார்த்து, உனக்கு மானமில்லையா என்று கேட்டிருக்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றி உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு. காலையில் ஏழு மணிக்கு நடந்து போய், அண்டா தூக்கி, அரிசி களைந்து, சாயங்காலம் நடந்தே வருவாள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் அம்மா, அவள் அக்கா, தம்பி எல்லாருக்கும் அதே உடம்பு, அதே அகலமான இடுப்பு, அதே கை. ஊர் என்ன பேசியது? "சோறாக்கற எடத்துலயே முழுங்கிட்டு வந்துடறா" என்று. நானும் அதைத் தமாஷாக அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிடுவாள். அதைப் பார்த்தும் சொல்லியிருக்கிறேன்.

கால் வீங்கியபோது ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த ஆள் காலைப் பார்க்கவில்லை. நாற்காலியில் அவள் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "மொதல்ல எடையக் கொறச்சிட்டு வாங்க, அப்புறம் கால் பாக்கலாம். வீட்ல அரிசி மூட்டை நிக்குதா, இல்லையா?" என்றார். நான் சிரித்தேன், பிரபு. அந்த ஆளுக்கு முன்னால் நல்ல பேர் வாங்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் போகச் சம்மதிக்கவில்லை. "போனா திட்டுவாங்கய்யா, இன்னாத்துக்கு" என்பாள். சர்க்கரை இருந்ததும் தெரியவில்லை. பாதத்தில் புண் வந்ததைப் புடவைக் கரையால் மூடி மூடி வைத்திருந்தாள். நாம் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. உடம்பு பெருத்ததால் செத்தாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வெட்கத்தில் மறைத்து மறைத்தே செத்தாள் என்று நான் சொல்கிறேன். அந்த வெட்கத்தில் பாதி நான் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை அடையாறு டாக்டரம்மா ஜாக்கெட் ட்ரையல் பார்க்க வந்தார்கள். இருபது வருஷ வாடிக்கை. கையில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன், யாழினி விஷயத்தை. அவர்கள் என்னையே திருப்பிக் கேட்டார்கள்: "ஒரு பையன் ரொம்ப உயரமா வளந்துட்டான்னு யாராவது திட்டுவீங்களா?" மாட்டோம் என்றேன். "உடம்பு வாகும் கிட்டத்தட்ட அப்படித்தான். உயரம் அளவுக்கு இல்லேன்னாலும், பெரும் பங்கு பொறப்புலயே வருது. ஒரே மரபணு கெட்டு வர்றது அபூர்வம். மத்தபடி நூத்துக்கணக்கான மரபணு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுது. அதுல நிறைய மூளையில வேல செய்யுது. எவ்ளோ பசிக்கணும், எப்போ போதும்னு தோணணும், அதெல்லாம். தின்னத உடம்பு செலவு பண்றதும் சேத்து வைக்கறதும்கூட ஆளுக்கு ஆள் வேற. உங்களுக்கு மூணாவது தோசையில போதும்னு தோணுது. அந்தக் குழந்தைக்கு அது லேட்டா தோணுது. இது குணமில்ல, டெய்லர்." மரபணு மட்டும்தானா என்றேன். "இல்லவே இல்ல. இப்ப போன்ல அமுக்கினா வாசல்ல வந்து நிக்குது சாப்பாடு, வெளையாட எடமில்ல, தூக்கமில்ல. அதான் எல்லாருமே ஏறிக்கிட்டு இருக்காங்க. ஆனா ஒரே வீட்ல, ஒரே சாப்பாட்டுல, ஒருத்தர் ஏறறார் ஒருத்தர் ஏறல பாருங்க, அங்கதான் பொறப்பு தெரியுது. பட்டினி போட்டா உடம்பு விட்டுடாது. பசிய இன்னும் ஏத்தும்."

அவர்கள் போன பிறகு என் அளவு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருஷத்து நோட்டு. அம்மாவின் பக்கத்திலேயே மகளின் அளவைக் குறிப்பது என் வழக்கம், ஏனென்றால் பாதி வேலை மிச்சம். அம்மாவுக்குத் தோள் இறங்கியிருந்தால் மகளுக்கும் இறங்கியிருக்கும், கை சதை எங்கே ஆரம்பிக்கிறதோ அதே இடத்தில் ஆரம்பிக்கும். லஸ் பக்கத்தில் ஒரு குடும்பம், இரண்டு பெண்கள். சின்னவளைப் பிறந்த வருஷமே வடக்கே இருக்கும் சித்தி தத்தெடுத்துப் போய்விட்டாள். அங்கே சப்பாத்தி, இங்கே சோறு. இருபத்திரண்டு வயசில் கல்யாண ஜாக்கெட்டுக்கு வந்து நின்றாள். அக்காவின் அளவுக்கும் அவள் அளவுக்கும் அரை இன்ச் கூட வித்தியாசமில்லை. அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன், தைத்துக் கொடுத்தேன், மறந்துவிட்டேன். ஊர்ப் பெண்களின் உடம்பில் இதைத் தினமும் தொட்டுத் தெரிந்துகொண்டவன், சொந்தப் பிள்ளையின் உடம்பை மட்டும் குற்றம் என்று நினைத்தேன்.

இதைத்தான் புதன்கிழமை போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "ஜீன் கீன்னு சொல்லிக்கினு உக்காந்தா ஆச்சாப்பா? நான் கொறைக்கல? மனசு வச்சா முடியும்." முடிந்ததா? இரண்டு தடவை குறைத்தாய். உன் வேளச்சேரி குடியிருப்பில் எவளோ விற்ற பவுடரைக் கலக்கிக் குடித்து ஒரு தடவை, ராகிக் கஞ்சியோடு ஜிம்முக்கு ஓடி ஒரு தடவை. இரண்டு தடவையும் குறைந்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் என் கடைக்கு வரும்போது பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாய், நான் உன் வயிற்றைப் பார்ப்பேன் என்று. பார்த்தேன். உனக்கு மனசு இல்லையா? உன்னைவிட மனசு வைத்தவனை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பாடுபட்டும் உன் உடம்பு இடம் கொடுக்கவில்லை. முப்பத்தேழு வயசில் உன்னால் முடியாததைப் பத்து வயசில் அவளைச் செய்யச் சொல்கிறாயே, என்ன நியாயம் இது?

அப்புறம் குரல் இறங்கிப் போய் ஒன்று சொன்னாய். "அம்மா மாதிரி அவளுக்கு ஆயிடக் கூடாதுப்பா. ஸ்கூல்ல என்னைப் பண்ணா மாதிரி அவளைப் பண்ணக் கூடாது. பயமா கீது." உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பள்ளியில் மற்றவர்கள் பண்ணுவதற்கு முன்னால் நீயே வீட்டில் பண்ணி முடிக்கிறாய். அம்மா மாதிரி ஆகக் கூடாது என்றால், அம்மாவுக்கு நடந்தது என்ன என்று முதலில் பார். அவளுக்குப் புண் வந்தால் யாரிடமும் காட்டத் தைரியமில்லாமல் போயிற்று. யாழினிக்கு இப்போதே ஒரு முறுக்கைக் காட்டித் தின்னத் தைரியமில்லை. நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அவள் உன்னிடம் வருவாளா?

உடம்பை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நம் வீட்டில் இருக்கிறது, அதுவும் பிறப்பில் வருவதுதான், நீயும் உன் ரத்தத்தைப் பார்த்து ஒரு வருஷமாகிறது. டாக்டரம்மா யாழினியைக் கூட்டி வரச் சொன்னார்கள். தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள், திட்ட மாட்டார்கள், அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். குறைக்க வேண்டிய எண்ணெயும் இனிப்பும் ஏதாவது இருந்தால் வீட்டில் எல்லாருக்கும் குறையட்டும், உன் தட்டில், கவிதா தட்டில், நான் வந்தால் என் தட்டில். நடக்க வேண்டுமென்றால் மூன்று பேரும் நடங்கள், பேசிக்கொண்டு நடங்கள். அவள் ஒருத்தியை மட்டும் ஹால் நடுவில் எடை மிஷின் மேல் தினமும் ஏற்றி இறக்காதே. அதை எடுத்துப் பரண் மேல் போடு, இல்லை குப்பையில் போடு.

நேற்று அந்தப் பட்டை வெட்டினேன். நீ சொன்ன அளவை அடித்துவிட்டு, அவள் மூச்சு விட்டு நின்றால் என் கண் கணக்கில் என்ன அளவோ அந்த அளவுக்கு வெட்டி, உள்ளே இரண்டு விரல் துணியும் விட்டிருக்கிறேன். வளர்கிற பிள்ளை. கோபம் வந்தால் வேறு டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொள், ஆனால் அதை நீயே அவளிடம் சொல்லிவிட்டுச் செய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் ஏறி வேளச்சேரிக்கு வருகிறேன். யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கால்சட்டைக் கதையை அவளுக்குச் சொல்வேன். "உன் அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை, தைத்த தாத்தா மேல்தான் தப்பு" என்று அவளிடம் சொல்வேன். பிறகு அவள் எதிரில் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். உன்னை எனக்குத் தெரியும். "பரவால்லப்பா, வுடு" என்பாய். அதை மட்டும் சொல்லாதே. நீ பரவாயில்லை என்று சொன்னால் அவளுக்கு நடப்பதும் பரவாயில்லை என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். இருபத்தைந்து வருஷமாக நீ என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அன்றைக்குத் திட்டு. அவள் காதில் விழும்படி, நன்றாகத் திட்டு.

உன் அப்பா